தனம்மாள் வீட்டுப் பாட்டி

(வீணை தனம்மாள் நினைவாக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீணை தனம்மாளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வீணையில் ஆரம்பித்து வீணையிலேயே முடித்துவிடுவார்கள். நாதத்தின் மென்மை, ராகத்தின் சாயல், விரல் போகிற நெளிவு என்று அதற்கான பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. அதில் போனால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு இன்று வேறு ஆசை. நான்கு பெண்களுக்குத் தாயாகவும், பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி, பாலசரஸ்வதி, ரங்கநாதன், விஸ்வநாதன், சங்கரன் என்ற பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியாகவும் இருந்த அந்த அம்மாளைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும்போதே உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒரு பாட்டிக்கு இத்தனை பேரா என்ற கேள்வி எழுகிறது இல்லையா? அந்தக் கேள்விதான் என்னுடைய பேச்சு.

தனம்மாள் பிறந்தது 1867இல், மறைந்தது 1938 அக்டோபர் 15ஆம் தேதி. எழுபத்தொரு வருஷம். பிறந்தபோது சென்னையில் பணக்கார வீட்டுக் கல்யாணத்தில் தேவதாசிகளின் சதிராட்டம் இல்லாமல் இருக்காது. கண்ணை மூடியபோது சபாக்கள் வந்துவிட்டன, மைக் வந்துவிட்டது, கிராமபோன் தட்டு வந்துவிட்டது, மியூசிக் அகாடமிக்குப் பத்து வயது ஆகியிருந்தது. இத்தனையும் மாறுகிற வரைக்கும் ஜார்ஜ் டவுனை விட்டு அதிகம் நகராமல் அவர் வீணையோடு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு முன்னால் இருந்தவர்களைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சாவூர் அரண்மனையைச் சார்ந்த ஆட்டக்காரர். 1855இல் தஞ்சாவூர் மன்னர் வாரிசில்லாமல் இறந்துபோக, கம்பெனி அரசாங்கம் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சம்பளம் நின்றால் கலைஞர் என்ன செய்வார்? சம்பளம் தருகிற ஊருக்குப் போவார். அப்போது வியாபாரம் பெருகிக்கொண்டிருந்த சென்னைப் பட்டணத்துக்கு அப்படி வந்த குடும்பங்களில் இதுவும் ஒன்று. தாயார் சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். ஆக, சியாமா சாஸ்திரியின் கிருதிகள் தனம்மாளுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அம்மா வாயிலிருந்து வந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநாதய்யர் சொல்லிக்கொடுத்தார். க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பார்வையற்ற பாடகர் பாலதாஸ் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் நிறையப் பேர் இப்படிக் கற்றிருப்பார்கள். இவர் கற்றதில் ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்தார் என்பதுதான் விசேஷம்.

இந்த வீட்டுப் பெயர்களுக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்தைக் கவனித்திருப்பீர்கள். டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலசரஸ்வதி, டி. விஸ்வநாதன். அந்த ‘டி’ அப்பா பெயரில்லை, தஞ்சாவூர். தலைமுறை தலைமுறையாகச் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பெயரில் தஞ்சாவூரைச் சுமந்தார்கள். வீடு பெண்கள் வழியாகவே நடந்தது. வீட்டுத் தலைவி தாயார், அவருக்கு அப்புறம் மகள், மகளுக்கு அப்புறம் பேத்தி. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் அதுதான் ஏற்பாடு. இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. எனக்கு அந்தக் கூச்சம் புரியவில்லை. நம்முடைய கச்சேரி மேடைக்கு வந்து சேர்ந்த சங்கீதத்தில் ஒரு பெரிய பங்கு இந்தத் தாய்மார்களின் கூடத்திலிருந்து வந்தது. நன்றி சொல்கிறபோது முகவரியையும் சேர்த்துச் சொல்வதுதானே மரியாதை?

இப்போது தாய் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நம் சினிமாவில் ஒரு தாய் இருக்கிறார். தான் சாப்பிடாமல் பிள்ளைக்குப் போடுவார், இருமுவார், கடைசி ரீலில் போய்ச் சேர்ந்துவிடுவார். தனம்மாளை அந்தச் சட்டத்துக்குள் நுழைக்கப் பார்த்தால் நுழையாது. அவர் வீட்டில் எல்லோரும் அவருடைய சுருதிக்கு அடங்கி நடந்தார்கள். வாசிக்கும்போது தெருவில் சத்தம் கேட்டால் அவருக்குத் தாங்காது. உள்ளே யாராவது பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்க முடியாது. பிள்ளைகளுக்காகத் தன் கலையைச் சுருக்கிக்கொண்ட தாய் இல்லை இவர். தன் கலையைப் பெரிதாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அதற்குள் வளர்த்தவர். இதில் பாசம் குறைவு என்று யாராவது நினைத்தால், அவர்கள் பாசத்தைச் சோற்றில் மட்டும் அளக்கிறார்கள் என்பேன்.

சோற்றுக்கும் கஷ்டம் வந்ததுண்டு. பெரிய குடும்பம், கைநீட்டிக் கேட்கத் தெரியாத சுபாவம், கொடுத்துப் பழகிய கை. கையில் வந்த பணம் தங்காது. ஜாவளி என்னும் காதல் பாட்டுகளைச் செய்த தருமபுரி சுப்பராயர் அந்த வீட்டுக்கு நெருக்கமானவர். பரசு ராகத்தில் அவர் செய்த புகழ்பெற்ற ஜாவளி ஒன்று தனம்மாளை மனத்தில் வைத்தே செய்தது என்று பாட்டுக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வீட்டுக் கஷ்டத்தையும் அந்தப் பாட்டையும் சேர்த்துத்தான் கதை சொல்லப்படும். கதை எப்படியோ, அந்த ஜாவளி அந்த வீட்டுச் சொத்தாகவே இருந்து, பேத்திகள் பாடித்தான் ஊருக்குத் தெரிந்தது. வீடு வாசல் கைமாறியது. பாட்டு கைமாறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அவர் வாசிப்பார். மிருதங்கம் இல்லை, பக்கவாத்தியம் என்று எதுவும் இல்லை. வீணையும், அதோடு ஒட்டிக்கொண்டே வரும் அவருடைய மெல்லிய குரலும் மட்டும்தான். விரலில் கம்பி மாட்டிக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. நகத்தாலேயே மீட்டுவார். அப்படி மீட்டினால் சத்தம் குறையும். ஆனால் தந்தியைத் தொட்ட இடம் காதுக்குத் தெரியாது. ‘டங்’ என்ற அடி இல்லாமல் ஸ்வரம் தானாகவே பிறந்தது போல் இருக்கும். பிறகு இடதுகை அந்த நாதத்தை மெட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகும், அடுத்த மீட்டு விழுகிற வரைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும். இதைக் கேட்க வேண்டுமென்றால் கேட்கிறவர் மூச்சையும் மெதுவாக விட வேண்டியதுதான். அதனால்தான் வித்வான்களும் வக்கீல்களும் நிறைந்திருந்த அந்தக் கூடத்தில் செருமல் சத்தம்கூடக் கேட்காதாம்.

இதையெல்லாம் ரசிகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கூடத்தில் வந்து போகிறவர்களைத் தவிர, அங்கேயே வசித்த குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள். குழந்தைகளுக்கு எல்லா நாளும் அதே காற்று. பிருந்தா பிறந்தது 1912இல், முக்தா 1914இல், பாலசரஸ்வதி 1918இல். தவழும்போதே காதில் விழுந்தது தீட்சிதர் கிருதி என்றால் அந்தக் காது எப்படி ஆகும்? எது சுருதி சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. இந்த வீட்டுப் பிள்ளைகள் பாடம் ஆரம்பிப்பதற்கு முன்பே பாதி கற்றுவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

மகள்கள் நான்கு பேர்: ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. தன் பாட்டியின் பெயரைக் கடைசி மகளுக்கு வைத்திருக்கிறார் பாருங்கள். நால்வரும் பாடகிகள். ராஜலட்சுமியும் லட்சுமிரத்தினமும் ஒரு ஜோடி, ஜயம்மாளும் காமாட்சியும் இன்னொரு ஜோடி. ‘தனம் மகள்கள்’ என்றே ஊர் அவர்களை அழைத்தது. அம்மாவின் பதங்களை அம்மாவின் நிதானத்தோடு பாடினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு முதல் பாடம் இவர்களிடம்தான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. காமாட்சியின் பெண்கள் பிருந்தாவையும் முக்தாவையும் மேல்படிப்புக்கு எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம். இதன் வேடிக்கையைச் சங்கீதக்காரர்கள் உடனே ரசிப்பார்கள், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாயனாப் பிள்ளை லயச் சிங்கம். அவருடைய கச்சேரிக்கு ‘முழு பெஞ்சு’ என்று பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று சுற்றிலும் ஒரு படையே உட்காரும். பல்லவியில் கணக்கு அனல் பறக்கும். பாட்டி வீட்டிலோ ஒரு மிருதங்கம்கூடக் கிடையாது! சுருதியே தெய்வம் என்றிருந்த வீட்டிலிருந்து பெண்களைத் தாளத்தின் கோட்டைக்கு அனுப்பினார்கள். நாயனாப் பிள்ளையின் தாயாருடைய சகோதரி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் பெரிய பாடகி, அவரும் இதே உலகத்தைச் சேர்ந்தவர் என்பதால் பழக்கமும் மரியாதையும் இருந்திருக்கும். ஆனாலும் தன் பாணி கெட்டுவிடும் என்று பயப்படுகிற குடும்பம் இதைச் செய்யாது. தனம்மாளுக்குப் பயம் இல்லை. காது சரியாக அமைந்துவிட்டால் பிள்ளை எங்கே போனாலும் திரும்பி வரும் என்ற தெம்பு இருந்திருக்க வேண்டும்.

அப்படியே நடந்தது. பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரத்தில் நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகளைக் கற்றார்கள், கணக்கையும் கற்றார்கள். பாட உட்கார்ந்தபோது கணக்கு வெளியே தெரியவில்லை, பாட்டியின் சவுக்க காலம்தான் தெரிந்தது. லயம் உள்ளே போய் முதுகெலும்பாக நின்றுவிட்டது. அவர்கள் தங்கை அபிராமசுந்தரி வயலின் எடுத்தார். ஜயம்மாளின் பிள்ளைகளில் ரங்கநாதன் மிருதங்கத்துக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் போனார், விஸ்வநாதன் புல்லாங்குழலுக்குத் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் போனார். மிருதங்கம் இல்லாமல் வாசித்த பாட்டிக்கு ஒரு பேரன் மிருதங்க வித்வான்.

பாலசரஸ்வதியின் விஷயம் இன்னும் துணிச்சலானது. தனம்மாளின் பாட்டி காமாட்சி அம்மாள் ஆடினார். அவர் மகள் சுந்தரம்மாள் ஆடவில்லை, தனம்மாள் ஆடவில்லை, ஜயம்மாள் ஆடவில்லை. மூன்று தலைமுறையாகச் சலங்கை கட்டாத வீடு. வெளியிலோ காலம் சரியில்லை. 1892 வாக்கிலேயே சென்னையில் சதிருக்கு எதிரான இயக்கம் ஆரம்பித்துவிட்டது, பிறகு அது வலுத்துக்கொண்டே போனது. அதில் சமூகக் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்ற நியாயமான கோபம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுமையோடு சேர்ந்து கலைக்காரப் பெண்களின் மானமும் ஜீவனமும் அடிபட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சின்னப் பெண், தெருவில் ஆடிக்கொண்டு வந்த ஒரு பிச்சைக்காரனைப் பார்த்துத் தானும் ஆடுகிறாள். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆட வேண்டும் என்கிறாள். உறவுக்காரர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். ஜயம்மாள் மகளின் ஆசைக்குத் துணை நின்றார். தனம்மாள் பேத்தியின் பக்கம் சாய்ந்தார். அந்த வீட்டில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

சதிருக்கு வடிவம் தந்த சகோதரர்களான தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்ப பிள்ளை, பாலசரஸ்வதிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனார் ஆனார். 1925இல் காஞ்சிபுரத்தில் கோயிலில் அரங்கேற்றம். பாலாவுக்கு ஏழு வயது. பாட்டிக்கு ஐம்பத்தெட்டு. சட்டமும் ஊரும் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும்போது, ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் பேத்தியின் காலில் சலங்கை கட்டச் சம்மதிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1947இல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் கொண்டு வந்தபோது பாலசரஸ்வதி ஊரறிந்த கலைஞர். அதற்குள் பாட்டி போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பதம் என்றால் என்ன என்று இளைஞர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. தலைவி தோழியிடம் தலைவனைப் பற்றிச் சொல்கிற காதல் பாட்டு. வராதவனை நினைத்து ஏங்குவாள், வேறொருத்தி வீட்டிலிருந்து வந்தவனைக் குத்திக் காட்டுவாள். பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் செய்தவை இதில் தலையாயவை. இவற்றைப் பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் வீடுகளில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து காதல் பாட்டுக் கற்பதை யோசித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அந்த வீட்டில் அதில் வெட்கம் இல்லை. ‘வா’ என்று பொருள்படும் ‘ரா’ என்ற ஒரே எழுத்தில் அழைப்பு எவ்வளவு, கோபம் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று அளந்து கமகத்தை வைப்பது அங்கே வேலை. தொழில் சுத்தம் அது. சிருங்காரத்தை நடனத்திலிருந்து துடைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கிளம்பியபோது பாலசரஸ்வதி கடைசி வரை ஒப்புக்கொள்ளாததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1975இல் தமிழிசைச் சங்கத்தில் பாலசரஸ்வதி ஆற்றிய உரை உங்களில் பலருக்குத் தெரியும். பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பில் ஆரம்பித்து, வர்ணத்தின் விரிந்த இடத்தைக் கடந்து, பதத்துக்கு வரும்போது கர்ப்பக்கிருகத்தின் குளிர்ச்சியும் அமைதியும் வந்துவிடுகிறது. வர்ணத்தின் தாள வேலைப்பாடுகள் அங்கே ஒதுங்கி வழிவிடுகின்றன என்ற பொருளில் பேசினார். அறிஞர்கள் இதைச் சாஸ்திரத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நான் அதைப் படிக்கும்போது வேறொன்றைப் பார்க்கிறேன். தாளக்காரர்கள் இல்லாத ஒரு கூடம், விளக்கேற்றிய நேரம், வீணையும் குரலும். பாலா சொன்ன கர்ப்பக்கிருகத்தின் அளவும் வெளிச்சமும் ஜார்ஜ் டவுனில் ஏற்கெனவே இருந்தன. இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் ஏழு வயதுக்கு முன்பு கேட்டது எழுபது வயதிலும் போகாது என்பதற்கு இங்கே இருக்கிற தாத்தா பாட்டிகளே சாட்சி.

முதுமையில் தனம்மாளுக்குப் பார்வை போயிற்று. வாசிப்பு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனி சில தட்டுகள் எடுத்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும் அந்தக் காலத்துத் தட்டு. வெள்ளிக்கிழமை முழுதும் விரிகிற சங்கீதத்தை மூன்று நிமிஷத்தில் மடித்து வைத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் அதில் ஒரு மீட்டு விழுந்து கரைகிற விதத்தை இரைச்சலுக்கு நடுவே கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு பிருந்தா–முக்தா பாடிய பதம் ஒன்றைக் கேளுங்கள். குரல் வீணையின் வழியிலேயே போவது தெரியும். வாத்தியத்திலிருந்து தொண்டைக்கு இறங்கிய சங்கீதம் அது. இதற்கு ‘தனம்மாள் பாணி’ என்று ஊர் பெயர் வைத்தது. ஒரு பெண்ணின் பெயரால் ஒரு பாணி வழங்குவது நம்முடைய சங்கீதத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் மறைவுக்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பட்டியல் வாசிக்க எனக்குப் பிடிக்காது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் பாலசரஸ்வதிக்கு, 1976இல் பிருந்தாவுக்கு, 1988இல் விஸ்வநாதனுக்கு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர்! 1976இல் சத்யஜித் ராய் பாலாவைப் பற்றிப் படம் எடுத்தார். 1963இல் ரங்கநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போனார். விஸ்வநாதனும் அங்கே பேராசிரியரானார். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நாம் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் இவர்களிடம் கற்றவர்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி பிருந்தாவிடம் பதம் கற்றுக்கொண்டார். 2010இல் அஞ்சல் துறை பாட்டிக்கும் பேத்திக்கும் தபால்தலை வெளியிட்டது. போதும்.

கடைசியாக ஒரு பேரனைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. லட்சுமிரத்தினத்தின் மகன் டி. சங்கரன். 1906இல் பிறந்தவர். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வாத்தியத்தையோ சலங்கையையோ எடுத்தபோது இவர் பேனாவை எடுத்தார். வானொலியில் வேலை பார்த்தார். பிறகு ‘சுருதி’ பத்திரிகையிலும் மற்ற இடங்களிலும் பாட்டியைப் பற்றியும், பாட்டி காலத்து வித்வான்களைப் பற்றியும், விசிறிகளைப் பற்றியும், சமையல்காரர்களைப் பற்றியும்கூட எழுதினார். நகைச்சுவை தூக்கலாக இருக்கும். பாட்டியைச் சாமியாக்க மாட்டார், கோபத்தையும் பிடிவாதத்தையும் சேர்த்தே சொல்வார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்ததால் நமக்கு லாபம். அவரிடம் நேரில் கதை கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கக் கூடும். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் மேடைக்கு வந்தால், நான் இறங்கிக் கீழே உட்கார்ந்துகொள்கிறேன்.